பெட்டிக்குப் பெயர் தெரியாது

இந்த முறை பொங்கலுக்குத் தங்கவயலுக்குப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணன் சொன்ன முதல் வார்த்தை இது: "அப்பா குரலைக் காணோம்டா."

சங்கத்து அன்பர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடிய நாள் வரைக்கும் ஷிப்டுக்குப் போய் வந்தார். அதன் பிறகுதான் அவருக்குப் பேச நேரம் கிடைத்தது. எட்டு கேசட்டுகளில் தன் கதையைப் பேசி வைத்தார். கேஜில் நின்றுகொண்டு கீழே இறங்கும்போது காது அடைப்பது, ராக் பர்ஸ்ட் வந்து வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்த இரவுகள், வட ஆற்காட்டிலிருந்து தாத்தா வந்து சேர்ந்த கதை, எல்லாம் அதில் உண்டு. அண்ணன் மகன் அவற்றைக் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றி, வீட்டிலிருக்கும் சேமிப்புப் பெட்டியில் போட்டு வைத்தான். பிறகு டேப்புகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. இப்போது இருப்பது பெட்டியில் உள்ள பிரதி மட்டும்தான்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. மெல்போர்னில் இருக்கும் எங்கள் தங்கை, நினைவு நாளன்று பிள்ளைகளுக்குத் தாத்தாவின் குரலைக் கேட்கச் செய்ய வேண்டும் என்கிறாள். பெட்டியில் 'அப்பா' என்ற ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிகிறது. திறந்தால், "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது. சொந்தப் பிள்ளைகளுக்கே!

இப்படியொரு பெட்டி இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. சுருக்கமாக 'நாஸ்' என்பார்கள். ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க் போட்ட சிறு கம்ப்யூட்டர்தான் அது. வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும். வீட்டிலுள்ள எல்லா போனும் லேப்டாப்பும் அதில் படம், பாட்டு, பத்திரம் எல்லாவற்றையும் போட்டு எடுக்கலாம். தங்கவயலில் இதெல்லாமா என்று கேட்காதீர்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து ஊரிகம், கோரமண்டல் வழியாகப் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். சுரங்கத்துப் பேரப் பிள்ளைகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902-இலேயே மின்சாரம் வந்த ஊர் இது. கருவிகளைக் கண்டு பயப்படுகிற ஊர் அல்ல.

சரி, பெட்டி ஏன் மறுத்தது?

பழைய பெட்டி பத்து வருடம் உழைத்துவிட்டு, போன மழைக்காலத்தில் செத்துப் போனது. டிஸ்க் மட்டும் பிழைத்தது. அண்ணன் மகன் புதுப் பெட்டி வாங்கி, பழைய டிஸ்க்கை அதில் செருகி, எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்தான். "அப்படியே" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோப்போடு சேர்த்து அதன் உரிமையாளர் யார், யாருக்கு என்ன அனுமதி என்பதையும் மாறாமல் கொண்டுவரும் ஆர்சிங்க் என்ற முறையை அவன் கையாண்டான். அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த உரிமையாளர் பெயராக எழுதப்பட்டிருக்கவில்லை, எண்ணாக எழுதப்பட்டிருந்தது.

இந்த வழக்கம் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலிருந்து வருகிறது. வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது அந்த வழியில் வந்த லினக்ஸ்தான். அதில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண். கோப்பின் மேல் பதிவது அந்த எண் மட்டுமே. பெயர்ப் பட்டியல் தனியாக வேறொரு இடத்தில் இருக்கிறது. நாம் பார்க்கும்போது பெட்டி அந்தப் பட்டியலைப் புரட்டி எண்ணுக்கு நேரே உள்ள பெயரைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பழைய பெட்டியில் அண்ணன் 1001, அண்ணி 1002, அப்பா 1003. புதுப் பெட்டியோ தன் எண்களை 1026-இல் ஆரம்பித்தது. அதில் அண்ணன் 1027, அண்ணி 1028. அப்பா அப்போது இல்லை. ஆகவே அவர் பெயரில் யாரும் கணக்குத் திறக்கவில்லை. விளைவு என்ன? நகலெடுத்த அன்றே மூன்று ஃபோல்டர்களும் அடைபட்டன. அண்ணனுடையதையும் அண்ணியுடையதையும் பையன் அன்றே சரி செய்துவிட்டான். அப்பாவுடையதை யாரும் திறக்கவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. 1003 என்பவர் யாரென்று தெரியாத ஒரு பெட்டிக்குள், 1003 தவிர வேறு யாரும் நுழையக் கூடாது என்ற கட்டளையோடு அந்த ஃபோல்டர் ஐந்தாறு மாதம் கிடந்திருக்கிறது.

ஒருவகையில் எங்கள் ஃபோல்டர் அடைபட்டது நல்லதுதான் என்பேன். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புதுப் பெட்டியும் 1001-இலிருந்து எண் கொடுத்து, முதலில் சேர்த்தது வீட்டுப் பிள்ளையின் பெயராக இருந்திருந்தால், அண்ணனின் பென்ஷன் காகிதமெல்லாம் சத்தமில்லாமல் அந்தப் பிள்ளையின் சொத்தாகியிருக்கும். பெட்டி எந்த எச்சரிக்கையும் தராது.

எண்ணால் ஆளை அறிவது தங்கவயலுக்குப் புதிதல்ல. அப்பாவுக்கும் சுரங்கத்தில் ஓர் எண் இருந்தது. வீட்டுச் சம்பளச் சீட்டுகளில் பெயரைவிட அதுதான் பெரிதாக இருக்கும். 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிந்துவைக்க நிர்வாகம் முனைந்தபோது, அதை எதிர்த்து ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியதைத் தாத்தா சொல்லக் கேட்டதாக அப்பா ஒரு கேசட்டில் பேசியிருக்கிறார். அந்தக் கேசட்டும் இந்த 1003-க்குள்தான்.

நான் செய்த தவறு

இனி வருவதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பெங்களூரில் இருபது வருடமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவன் நான். அண்ணி காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், மொத்தப் பகிர்வுக்கும் 'எல்லோருக்கும் எல்லா அனுமதியும்' என்று கொடுத்தேன். உள்ளேயிருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் கோப்புக்கும் அதையே பரப்பு என்ற கட்டத்தையும் தட்டினேன். தங்கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று விருந்தினர் கணக்கையும் திறந்துவிட்டேன். ஃபோல்டர் திறந்தது. அப்பா இருமிக்கொண்டே பேச ஆரம்பித்தார். அண்ணி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லோரும் அழுதோம். நான் பெரிய வித்தைக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். பரீட்சைக்குப் படிக்க எங்கள் வீட்டு வைஃபையைத்தான் உபயோகிக்கிறான். நல்ல பிள்ளை. வாசலிலேயே தயங்கி நின்றுகொண்டு, "ஆன்ட்டி, உங்க பேங்க் பாஸ்புக் என் டேப்ல வருது" என்றான்.

பாஸ்புக் மட்டுமா? குவார்ட்டர்ஸ் காகிதங்கள், அண்ணனின் மருத்துவ ரிப்போர்ட்டுகள், பேத்தியின் ஜாதகம் வரைக்கும் எல்லாம் வந்திருக்கின்றன. அண்ணி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

யூனிக்ஸ் கணக்கில் நான் போட்டது 777. இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. படிக்க 4, எழுத 2, நிறைவேற்ற 1. ஃபோல்டர் என்றால் அந்த 1-க்கு 'உள்ளே நுழைய' என்று பொருள். மூன்றையும் கூட்டினால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது அவர் சேர்ந்திருக்கும் குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 777 என்றால் வீட்டுக்காரன், உறவுக்காரன், வழிப்போக்கன் மூவருக்கும் ஒரே சாவி. எங்கள் தேவைக்கு ஃபோல்டர்களுக்கு 750-உம் கோப்புகளுக்கு 640-உம் போதும்: உரிமையாளர் எழுதலாம், குடும்பம் படிக்கலாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. ஃபோல்டரில் படிக்கும் 4 இருந்தும் நுழையும் 1 இல்லாவிட்டால் பெயர்கள் தெரியும், எதுவும் திறக்காது. பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான்.

777-இன் கெடுதல் அது திறந்துவிடுவதோடு முடிவதில்லை. முன்பு எது அந்தரங்கம், எது பொது என்ற விவரத்தையே அழித்துவிடுகிறது. திரும்பப் பெற பொத்தான் கிடையாது. எங்களைக் காப்பாற்றியது அந்த எண்தான். அனுமதியை மாற்றினாலும் உரிமையாளர் எண் மாறுவதில்லை. ஆகவே 1027 எல்லாம் அண்ணனுடையது, 1028 எல்லாம் அண்ணியுடையது, 1003 அப்பாவுடையது என்று பிரித்துவிட முடிந்தது. நானும் பையனும் இரவு பதினொன்று வரை உட்கார்ந்து பிரித்தோம். முதலில் வேறொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டுத்தான் தொட்டோம். இந்தப் புத்தி முதல் நாளே வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாசற்படி

உங்கள் வீட்டுப் பெட்டி இப்படி மறுத்தால், முதலில் எந்த இடத்தில் மறுக்கிறது என்று பாருங்கள். பெட்டிக்கு இரண்டு வாசற்படி. வெளி வாசல் பகிர்வு அனுமதி. நெட்வொர்க் வழியே வருகிறவரை உள்ளே விடலாமா என்று பார்ப்பது. உள் வாசல் கோப்பு அனுமதி, மேலே சொன்ன எண் கணக்கு. இரண்டும் விட்டால்தான் உள்ளே போகலாம். ஒன்றில் தாராளமாகவும் மற்றதில் கெடுபிடியாகவும் இருந்தால் கெடுபிடிதான் செல்லும். நிர்வாகப் பக்கத்தில் வெளி வாசலை மட்டும் திறந்துவிட்டு, "நான்தான் அனுமதி கொடுத்துவிட்டேனே" என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

வெளி வாசலைக் காக்கும் மென்பொருளின் பெயர் சாம்பா. விண்டோஸ் பேசும் மொழியில் யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களும் பேசுவதற்காக, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 ஜனவரியில் வெளியிட்ட நிரலிலிருந்து வளர்ந்தது அது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரிசையாக வரும் வார்த்தையை அகராதியில் தேடி இந்தப் பெயரைப் பிடித்தார் என்பது சுவையான சேதி. தங்கையிடம் சொன்னேன், "எங்க ஊர்ச் சரக்கா அது!" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஃபோல்டர் தெரிந்து, திறக்க மட்டும் மறுத்தால் பெரும்பாலும் உள் வாசல். எங்களுடையது அதுதான். திறந்து படிக்க விட்டு, சேமிக்க மட்டும் விடவில்லை என்றால் எழுதும் அனுமதி இல்லை. சில கோப்புகளை மட்டும் அழிக்க முடியவில்லை என்றால், அவை வேறு வழியாக உள்ளே வந்தவையா என்று யோசியுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் பென் டிரைவைச் செருகி நகலெடுத்தவை, போனிலுள்ள செயலி தானாக ஏற்றியவை இவற்றின் உரிமையாளர் நீங்களாக இல்லாமல் 'அட்மின்' ஆகவோ அந்தச் செயலியாகவோ இருக்கலாம். நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கோப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் உரிமையாளர் தெரியும். பெயருக்குப் பதில் வெறும் எண் இருந்தால், எங்கள் 1003 கதைதான் உங்களுக்கும். 'சேஞ்ச் ஓனர்' வசதி மூலம் உரிமையாளரை மாற்றுங்கள். அனுமதியில் கை வைக்காதீர்கள்.

விண்டோஸ் தன் பங்குக்குச் செய்யும் குறும்பும் உண்டு. ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் அது போகாது. காலையில் விருந்தினராக நுழைந்துவிட்டு, மாலையில் உங்கள் பெயரில் நுழையப் பார்த்தால் மறுத்துவிடும். பழைய கடவுச்சொல்லையும் நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நீட்டும். 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் அந்தப் பழைய பதிவை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பாதி வழக்குகள் தீர்ந்துவிடும். நேற்று வரை திறந்த பெட்டி விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் திறக்கவில்லை என்றால், பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், புரோ வகைகள் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை. அதைத் தளர்த்த வழி தேடுவதைவிட, வீட்டில் ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்வதே மேல்.

பழைய டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த டிஸ்க்கில் இந்த உரிமையாளர் எண்ணெல்லாம் எழுதவே இடம் கிடையாது. அதன் வழியாக நகலெடுத்தால் தகவல் வரும், உரிமை விவரம் வராது. அண்ணன் மகன் லினக்ஸ் டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் பெட்டிக்கு எடுத்ததால்தான் எங்களுக்கு எண்ணாவது மிஞ்சியது.

தூரத்தில் இருப்பவருக்கு

தங்கைக்கு எப்படி அனுப்புவது? ரூட்டரில் ஒரு துளை போட்டுப் பெட்டியை நேரே இன்டர்நெட்டில் காட்டிவிடலாம் என்றான் பையன். நான் வேண்டாம் என்றேன். 2021 ஏப்ரலில் க்யூநாப் பெட்டிகளைத் தாக்கிய க்யூலாக்கர், 2022 ஜனவரியில் வந்த டெட்போல்ட் இரண்டும் இன்டர்நெட்டில் தெரியும் வீட்டுப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டிகள் பலவற்றில் இருந்ததெல்லாம் ஒரே நாளில் துடைக்கப்பட்டன. இவை மென்பொருள் ஓட்டைகளால் வந்த வினை. எவ்வளவு ஒழுங்காக 750 போட்டிருந்தாலும் தடுத்திருக்காது. வெளியூரில் இருப்பவர் பெட்டிக்குள் வர வேண்டும் என்றால் வி.பி.என். வழியாக வரட்டும். ஒரு முறைக்கு வேண்டிய எட்டு கோப்புகள்தானே என்று, நாங்கள் அவற்றை கூகிள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பிவிட்டோம்.

ஆனால் வீட்டு லேப்டாப் ஒன்றில் அப்படிப்பட்ட கிருமி புகுந்தால், அங்கே அனுமதி உதவும். அந்த லேப்டாப்காரருக்கு எங்கே எழுதும் அனுமதி உண்டோ அங்கே மட்டும்தான் அதுவும் எழுத முடியும். பழைய படங்களும் குரல்களும் இனி மாறப் போவதில்லை. அவற்றைத் திருத்த யாருக்கும் தினசரி அவசியம் இல்லை. ஆகவே குடும்பம் முழுவதற்கும் படிக்க மட்டும் விட்டோம். இதோடு, மாதம் ஒருமுறை தனி டிஸ்க்கில் நகலெடுத்து அலமாரியில் வைப்பது அண்ணன் பொறுப்பு. பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பதே நகல் என்று அவர் நினைத்திருந்தார். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும் என்றதும் முகம் மாறிவிட்டது.

மிஞ்சியது 1003. உரிமையாளராக யாரைப் போடுவது? அண்ணன் பெயரில் போடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பேர்ல எப்படிடா? பேசினது அவரு" என்றார். பையன்தான் வழி சொன்னான்: "சித்தப்பா, தாத்தா பேர்லயே ஒரு அக்கவுண்ட் போட்டு, லாகின் ஆக முடியாதபடி டிசேபிள் பண்ணிடலாம்." பெட்டிகளில் இது செய்யக்கூடியதே. கணக்கு முடங்கியிருந்தாலும் உரிமையாளர் பெயராக நிற்கும். கணக்கை அடியோடு நீக்கினால்தான் வெறும் எண்ணாகிவிடும். இறந்தவர் பெயரை நீக்கிவிடுவதுதான் ஒழுங்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியே செய்தோம். 'குடும்பம்' என்று ஒரு குழு ஏற்படுத்தி, எங்கள் எல்லோரையும் அதில் சேர்த்து, அந்த ஃபோல்டரைப் படிக்க அனுமதி கொடுத்தோம். விருந்தினர் கணக்கை மூடினோம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வைஃபையில் 'கெஸ்ட்' நெட்வொர்க் தனியாகப் போட்டுக் கொடுத்தோம். அதிலிருந்து பெட்டி தெரியாது.

புதுப் பெட்டி அப்பாவுக்குக் கொடுத்த எண் 1029. யார் யாருக்கு என்ன எண் என்பதை அண்ணி ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். அடுத்த பெட்டி வரும்போது வேண்டியிருக்கும். அப்பா பெயருக்கு நேரே மட்டும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று 1029. மற்றது என்னவென்று கேட்டேன். "அது மைன்ஸ் நம்பர். இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அண்ணி.